வாடகைக்கு ரசீது, வீட்டுக்கு எழுத்து: சேர்ந்து கேட்போம்!

(திருத்தணியில் ஆலை, விசைத்தறி, விவசாயத் தொழிலாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கூலி உயர்வைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். போனஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வேலை நேரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஆனால் போராடி வாங்கிய அந்தக் கூலியில் ஒரு பெரும் பங்கு, மாதம் பிறந்த ஐந்தாம் தேதிக்குள் யார் கைக்குப் போகிறது? வீட்டுக்காரர் கைக்குப் போகிறது. முதலாளியிடம் நூறு ரூபாய் கூடுதலாக வாங்க நாம் வாரக்கணக்கில் கேட் வாசலில் நிற்கிறோம். "அடுத்த மாதத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடு" என்று வீட்டுக்காரர் திண்ணையில் நின்று ஒரு வார்த்தை சொன்னால், தலையை ஆட்டிக் கொடுத்துவிடுகிறோம். இதைப் பற்றி இன்று பேச வேண்டும்.

ஆலையில் உங்களுக்கு அடையாள அட்டை உண்டு. பி.எப். எண் உண்டு. சம்பளச் சீட்டு உண்டு. அது இல்லாத ஆலையில் அதைக் கேட்டுப் போராடுகிறோம். ஏனென்றால், எழுத்து இல்லாதவன் ஆலையில் ஆளே இல்லை என்பது நமக்குத் தெரியும். இதே நியாயம் வீட்டுக்கு ஏன் இல்லை? பத்து வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவரிடம் "நீங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அட்வான்ஸ் கொடுத்ததற்கு எழுத்து இல்லை. மாத வாடகைக்கு ரசீது இல்லை. நாளைக்கே "வெளியே போ" என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நம் ஊர் நிலைமை

நம்முடைய திருத்தணி எப்படிப்பட்ட ஊர்? மலைமேல் முருகன் இருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கான காவடிகள் வருகின்றன. கீழே ரயில் நிலையம் இருக்கிறது. விடியற்காலையில் அரக்கோணம் பக்கமும் அம்பத்தூர் பக்கமும் சென்னைக்கும் ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறி ஓடுகிறது. எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களில் கரும்பும் நெல்லும் அறுத்துவிட்டு, வேலை இல்லாத மாதங்களில் டவுனுக்குக் கட்டட வேலைக்கு வரும் விவசாயக் கூலிகள் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லாரும் எங்கே குடியிருக்கிறார்கள்? லைன் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே நீளச் சுவர், அதில் பத்துக்குப் பத்து அறைகள், மேலே சிமிட்டி ஷீட்டு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு கக்கூசு, ஒரு குழாய். மழை பெய்தால் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டும், வெயில் அடித்தால் உள்ளே உட்கார முடியாது. சுவரில் வெடிப்பு, ஒயர் வெளியே தொங்குகிறது, கதவில் தாழ்ப்பாள் இல்லை. "ஐயா, ஷீட்டை மாற்றிக் கொடுங்கள்" என்றால், "பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்" என்பதுதான் பதில்.

மின்சாரக் கதையைக் கேளுங்கள். 2016 முதல் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இது நம் ஏழைகளுக்கு வந்த சலுகை. ஆனால் எட்டுக் குடித்தனத்துக்கும் சேர்த்து வீட்டுக்காரர் ஒரே மீட்டர் வைத்திருக்கிறார். உள்ளே தனித்தனியாகச் சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே விலை போட்டு வசூலிக்கிறார். சர்க்கார் கொடுத்த இலவசம் எங்கே போயிற்று? லைன் வீட்டின் வாசலிலேயே நின்றுவிட்டது!

கவனிப்பாரற்ற சுவர் ஆளைக் கொல்லும்

"ஏதோ ஒழுகுகிறது, சகித்துக்கொள்வோம்" என்று சிலர் நினைக்கக்கூடும். தோழர்களே, ஒழுகலோடு நிற்பதில்லை.

2014 ஜூலை 6-ஆம் தேதி, நம்முடைய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், செங்குன்றம் அருகே ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, அதன் ஓரத்தில் கொட்டகை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் மேல் விழுந்தது. 11 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை கொடுத்தவன் தங்க இடம் கொடுத்தான். அந்த இடம் மனிதன் தங்கத் தகுந்ததா என்று பார்த்தவர் யார்?

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையம் நடூரில், அருந்ததியர் மக்களின் வீடுகள் மேல் பக்கத்து வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் சரிந்தது. 17 உயிர்கள் போயின. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம்.

இரண்டு இடத்திலும் மழை வந்தது உண்மைதான். ஆனால் அதே மழை பணக்காரன் மாளிகை மேலும்தான் பெய்தது. அங்கே சுவர் விழவில்லையே! சுவருக்கு உடையவன் ஒருவன், அதன் நிழலில் படுப்பவன் வேறொருவன் என்று ஆகும்போது, பழுது பார்க்கும் செலவு உடையவனுக்கு வீண் செலவாகத் தெரிகிறது. இதுதான் அடிப்படை. இது ஒரு தனி ஆளின் கெட்ட குணம் மட்டுமல்ல. குடியிருக்கும் இடத்தையும் லாபச் சரக்காக வைத்திருக்கும் சமுதாய ஏற்பாட்டின் விளைவு. 1872-லேயே ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதி இதை விளக்கினார்.

எழுத்து இல்லாததால் யாருக்கு லாபம்?

வீட்டை வாடகைக்கு விட நம் நாட்டில் தனி லைசென்சு என்று ஒன்று கிடையாது. ஆனால் கட்டடத்துக்கு வரைபட அனுமதி வேண்டும். நகராட்சியில் வீட்டு வரி கட்ட வேண்டும். குடியிருப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். லைன் வீட்டுக்காரர்களில் பலர் இவற்றில் எதையும் முழுதாகச் செய்வதில்லை.

எழுத்து இருந்தால் வாடகை எவ்வளவு என்று கணக்கு தெரியும். வரி கேட்பார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். பழுதுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டி வரும். நினைத்த மாதம் நினைத்தபடி வாடகையைக் கூட்ட முடியாது. எழுத்து இல்லை என்றால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை! ஆகவே அது மறதியால் விட்டுப்போன காகிதம் அல்ல, லாபம் கருதி விடப்பட்ட காகிதம்.

சட்டம் எப்படி வந்தது, எப்படி மாறியது?

சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1915-இல், முதல் உலக யுத்த காலத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கப்பல் கட்டவும் ஆயுதம் செய்யவும் தொழிலாளர்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் யுத்தமுனையில் இருந்தார்கள். வீட்டிலிருந்த பெண்கள் மேரி பார்பர் போன்றோர் தலைமையில் தெருத் தெருவாகச் சங்கம் கட்டினார்கள். ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தார்கள். காலி செய்விக்க அமீனா வந்தால் ஒருத்தி மணி அடிப்பாள்; தெருப் பெண்கள் எல்லாரும் மாவுப் பொட்டலத்தோடு ஓடி வந்து வழி மறிப்பார்கள். சுமார் 20,000 குடித்தனங்கள் இந்தப் போராட்டத்தில் இறங்கின. நவம்பர் 17-ஆம் தேதி வாடகை பாக்கி வழக்குக் கோர்ட்டுக்கு வந்தபோது, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பெண்களோடு ஊர்வலமாகப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையை 1914 ஆகஸ்டு அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது. வாடகைக் கட்டுப்பாடு என்ற சொல் ஆட்சியாளர் வாயில் வந்த கதை இது.

நம் பக்கத்தில், இரண்டாம் யுத்த காலத்தில் 1941-இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. பிறகு 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் வந்தன. கடைசியாக 1960-இல் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நம் திருத்தணி, வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்த மாநிலத்தோடு சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த 1960 சட்டத்தில் குறைகள் இருந்தன. ஆனால் இரண்டு நல்ல அம்சங்கள் இருந்தன. ஒன்று, கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்கலாம். இரண்டு, அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடைமுறையில் இதை மீறியவர்கள் ஏராளம். என்றாலும், மீறல் என்று சொல்லச் சட்டம் இருந்தது.

2017-இல் அந்தச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களுக்கானது. கட்டடத்தின் மதிப்பிலிருந்து நியாய வாடகை போடும் பழைய கணக்கு போயிற்று. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதே வாடகை. பசியோடு நிற்பவனும் பத்து வீட்டுக்கு உடையவனும் சம பலத்தோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதுவார்கள் என்று இந்தச் சட்டம் எண்ணுகிறது!

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

என்றாலும், இருக்கிற ஆயுதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பகல் முழுதும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்பவர்கள் நீங்கள்தான்.

வாடகை கொடுத்தால் ரசீது வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். இரண்டு மாதம் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகையை உயர்த்த வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். திண்ணையில் நின்று சொன்ன வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது.

கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது.

தண்ணீர், மின்சாரம், கக்கூசு ஆகியவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. மோட்டாரை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கி ஆளை வெளியேற்றும் தந்திரம் சட்ட விரோதம். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே திருப்பிக் கொடுக்க உத்தரவு போடலாம்.

வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் யாரையும் காலி செய்விக்க முடியாது. சாமானைத் தெருவில் எறிவதும் பூட்டுப் போடுவதும் உரிமையல்ல, அடாவடி.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அதிகாரி. திருத்தணியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. விசாரிக்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. மில் நிர்வாகம் வேலையோடு சேர்த்துக் கொடுத்த குவார்ட்டர்ஸ் இந்தச் சட்டத்துக்குள் வராது. கோயில் சொத்துக்கு அறநிலையத் துறைச் சட்டம் தனியாக இருக்கிறது. அவற்றைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.

சட்டத்தில் ஒரு பொறி

இவ்வளவு உரிமைகளையும் சொல்லிவிட்டு, அதில் இருக்கிற பொறியைச் சொல்லாமல் விட்டால் அது துரோகம்.

எழுத்தும் பதிவும் இருப்பவருக்குத்தான் இந்த உரிமைகள் நேராகக் கை கொடுக்கும். அதோடு நிற்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே ஒரு காரணமாகக் காட்டி, காலி செய்ய உத்தரவிடும்படி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று 21-ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறார்கள். அதாவது, எழுதித் தர மறுத்தவர் அவர். எழுத்து இல்லை என்று வீட்டை இழக்க வேண்டியவர் நீங்கள்! இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்வது?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலாளித்துவ நாடுதான். தர்ம தேசம் ஒன்றுமில்லை. அங்கே ஒரே வீட்டை அறை அறையாகப் பல குடித்தனங்களுக்கு விடுகிறவர்களில் பலர் லைசென்சு எடுக்க வேண்டும். லைசென்சு இல்லாமல் விட்ட வீட்டுக்காரர், வாங்கிய வாடகையில் 12 மாத வாடகை வரை திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட 2004-ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. காகிதம் எடுக்காத குற்றத்துக்கு அங்கே தண்டனை வீட்டுக்காரருக்கு. இங்கே தண்டனை குடியிருப்பவருக்கு. வித்தியாசம் எதனால்? அங்கே கிளாஸ்கோ பெண்களில் தொடங்கி நூறு வருஷமாக வாடகைக் குடிகள் சங்கம் கட்டிப் போராடியிருக்கிறார்கள். இங்கே நாம் இன்னும் தனித்தனியாகத் திண்ணையில் கைகட்டி நிற்கிறோம்.

லைசென்சு வேண்டிய விடுதிகள்

நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போய் விடுதிகளில் தங்குகிறார்கள். பெண்கள் விடுதிக்குக் கட்டாயம் லைசென்சு வேண்டும். 2014-இல் அதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

ஆனால் 2021 டிசம்பரில் என்ன நடந்தது? பாக்ஸ்கான் கம்பெனியில் ஐபோன் செய்யும் பெண்கள் தங்கியிருந்த விடுதி, பூந்தமல்லி பக்கத்தில், நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள். அங்கே சாப்பிட்ட உணவு கெட்டு 250-க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையலறையில் எலிகள், சரியான வடிகால் இல்லை. சமையலறையை மூடினார்கள். ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துத் தரையில் படுக்கும் நிலை அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. உலகத்தின் விலை உயர்ந்த கைப்பேசியைச் செய்யும் கைகளுக்குப் படுக்கப் பாய் அளவு இடம் இல்லை!

அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இருபது வயதுப் பெண்கள், சங்க அனுபவம் இல்லாதவர்கள், இரவெல்லாம் சாலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திறந்தது. விடுதிகளின் நிலை சரியில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்துவைத்தது. அதிலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஆலையின் பிடி விடுதிக்குள்ளும் நீளக் கூடாது. சங்கம் உள்ளே போக வழி வேண்டும். ஆனாலும் சாலையில் உட்கார்ந்த பெண்கள்தான் தொழிலாளியின் இருப்பிடத்தை அரசின் மேசைமேல் வைத்தார்கள் என்பதை யாரும் மறைக்க முடியாது.

விவசாயத் தொழிலாளர்களுக்கு

"நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம், டவுன் சட்டம் எங்களுக்கு எதற்கு?" என்று விவசாயத் தோழர்கள் கேட்கக்கூடும். உங்களுக்கு இதில் நீண்ட சரித்திரமே இருக்கிறது.

தஞ்சைத் தரணியில் பண்ணையாளின் குடிசை மிராசுதார் நிலத்தில் இருந்தது. கூலி உயர்வு கேட்டால் முதலில் போவது குடிசை. அடுப்பை அணைத்துக் கூரையைப் பிடுங்குவார்கள். கூலிப் போராட்டத்தின் கழுத்தை நெரிக்கும் கயிறாகக் குடியிருப்பு இருந்தது. பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் செங்கொடியின் கீழ் அந்த மக்களைத் திரட்டினார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1971-இல் வந்த குடியிருப்பு உடைமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்க வழி செய்தது.

இன்று டவுன் லைன் வீட்டில் இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் குடிசைகளின் பேரப்பிள்ளைகள்! தாத்தா மனைக்கு உரிமை வாங்கினார். பேரன் ரசீது கேட்கப் பயப்படலாமா?

என்ன செய்ய வேண்டும்?

"கேட்டால் காலி பண்ணு என்பாரே" என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானது. ஒருவர் தனியாகக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஒரு குடித்தனத்தைக் காலி செய்தால் மறுநாள் இன்னொருவர் வருவார். ஆனால் லைனில் உள்ள எட்டுக் குடித்தனமும் ஒரே நாளில், ஒரே கடிதத்தில் கேட்டால் எட்டையும் ஒரே மாதத்தில் காலி செய்து எட்டையும் நிரப்புவது அவ்வளவு லேசான காரியமல்ல. ஆலையில் நமக்குத் தெரிந்த கணக்குத்தான் இது.

முதல் வேலை, சத்தமில்லாமல் அத்தாட்சி சேர்ப்பது. ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, காஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் இந்த விலாசம் வரட்டும். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலமோ, போன் மூலமோ அனுப்புங்கள். அந்தப் பதிவே நல்ல சாட்சி. கையில்தான் வாங்குவேன் என்றால், ஒரு நோட்டில் தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒழுகும் கூரையையும் வெடித்த சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, எந்தக் காரணத்தாலும் வாடகையைப் பாக்கி வைக்காதீர்கள். இரண்டு மாத பாக்கி, காலி செய்விக்கச் சட்டம் தரும் இன்னொரு காரணம். கிளாஸ்கோவில் நகரமே திரண்டது, வாடகையை நிறுத்த முடிந்தது. நாம் எட்டுக் குடித்தனம் நின்றுகொண்டு அதைச் செய்யக் கூடாது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒற்றுமையை.

மூன்றாவது, லைன் முழுவதும் கையெழுத்துப் போட்ட கடிதம். அதில் திட்டு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறோம், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், எவ்வளவு வாடகை தருகிறோம், என்னென்ன பழுது இருக்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்ய நாங்கள் தயார், தாங்கள் எப்போது தயார்? இவ்வளவுதான். விரைவுத் தபாலில், பதிவு வசதியோடு அனுப்புங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தது நாம்தான், மறுத்தது அவர் என்பதற்கு இந்தக் கடிதம் சாட்சி. நான் சொன்ன பொறிக்கு எதிராக நம் கையில் இருக்கும் கேடயம் இது.

நான்காவது, பதில் வராவிட்டால் சங்கத்தின் துணையோடு வாடகை அதிகாரியிடம் போக வேண்டும். பதிவுக்கு மனுக் கொடுக்க வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தம் எழுதும்போது உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் தெலுங்கு மட்டும் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. புரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். ஆபத்தான சுவர், தொங்கும் ஒயர் என்றால் காத்திராமல் நகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

யார் எதிரி, யார் அல்ல

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ரிட்டையரான ஒரு தோழர், பி.எப். பணத்தில் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மருந்து வாங்குகிறார். அவர் நம் எதிரி அல்ல. அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம். எழுத்து அவருக்கும் பாதுகாப்புத்தான். வரிசை வரிசையாக லைன் கட்டி, பழுதுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காமல், வட்டிக்கு விடுவது போல மனிதர்களைக் குடிவைத்துச் சம்பாதிக்கிறவர் வேறு. இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் நம் பலம் சிதறும்.

அதோடு, சாதியைச் சொல்லியும் மதத்தைச் சொல்லியும் வீடு மறுக்கிறார்கள். "உங்கள் ஆட்களுக்குக் கொடுப்பதில்லை" என்று கூசாமல் சொல்கிறார்கள். லைனில் உள்ள எட்டுக் குடித்தனத்தில் ஒரு குடித்தனத்துக்கு இந்த அவமானம் நேர்ந்தால் மற்ற ஏழும் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால், நாளை கையெழுத்துப் போடும்போது அந்த ஒருவர் நம்மோடு எப்படி வருவார்?

நம் கோரிக்கைகள்

சட்டத்தைப் பயன்படுத்துவது ஒரு கை, சட்டத்தை மாற்றப் போராடுவது மறு கை. எழுதித் தர மறுத்த வீட்டுக்காரர் அந்த மறுப்பையே காரணம் காட்டிக் காலி செய்விக்க முடியாதபடி 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். நியாய வாடகை நிர்ணயிக்கும் ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தொழிலாளர்களை வைத்திருக்கும் லைன் வீடுகளையும் கொட்டகைகளையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் நகராட்சி தணிக்கை செய்ய வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் மீட்டர் வேண்டும். லைசென்சு இல்லாத பெண்கள் விடுதியில் எந்தக் கம்பெனியும் ஆட்களைத் தங்க வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசே தொழிலாளர் வீடுகளைக் கட்டிக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும். அது வராத வரை வீட்டுக்காரரின் கை மேலேயும் நம் கை கீழேயும்தான் இருக்கும்.

தோழர்களே! இந்தக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறீர்கள். போனதும் பக்கத்துக் கதவைத் தட்டுங்கள். "உன்னிடம் ரசீது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்பார்கள். "என்னிடமும் இல்லை, சேர்ந்து கேட்போமா?" என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் ஒரு லைனாவது கடிதம் எழுதத் தயாராகட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தரச் சங்க அலுவலகம் திறந்திருக்கும்.

கூலிக்குப் போராடிய நாம் கூரைக்கும் போராடுவோம்!

தனியாகக் கேட்டால் தெரு. சேர்ந்து கேட்டால் எழுத்து!

தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!